வாசகர் கேள்வி பதில்: தாவும் மரபணுக்களும் பெருங்குடல் புற்றுநோயும்

சென்ற இதழில், மனிதரின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ அரைவாசி, இடம்விட்டு இடம் தாவக்கூடிய அல்லது ஒரு காலத்தில் தாவித் திரிந்து ஓய்ந்துபோன துண்டுகளால் ஆனது என்றும், அவற்றுட் சில பெருங்குடல் புற்றுநோயில் மீண்டும் விழித்துக்கொள்கின்றன என்றும் சுருக்கமாக ஒரு பதில் எழுதியிருந்தேன். அந்தப் பதிலுக்கு வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிரப்பியிருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களுள் நோயாளரின் உறவினரும் இருப்பதால் பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நிறமூர்த்தத்தில் ஒவ்வொரு மரபணுவுக்கும் நிலையான இடம் உண்டு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியிருக்க, மரபணு தாவுவது எங்ஙனம்? வகுப்பில் விளக்கக்கூடியதாக எழுதுவீர்களா?
— ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரியே. புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் தத்தம் இடத்தை விட்டு அசைவதில்லை. ஆனால் அவற்றின் இடையிலும் உள்ளேயும் வேறொரு கூட்டம் குடியிருக்கிறது. அதை முதன்முதலில் இனங்கண்டவர் பார்பரா மக்ளின்டொக் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அவர் அதைக் கண்டது சோளன் பொத்தியில்.

ஏ9 வீதியோரத்தில் அவித்து விற்கப்படும் சோளனில் மணிகள் யாவும் ஒரே மஞ்சள் நிறமாக இருக்கும். சில பழைய வகைகளில் அப்படியல்ல. வெளிறிய மணியின் மேல் ஊதாப் புள்ளிகள் தெறித்தாற்போல் கிடக்கும்; ஒரு மணியில் பெரிய திட்டு, அடுத்த மணியில் ஊசிமுனைப் புள்ளி. மக்ளின்டொக் 1940களில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் இந்தப் புள்ளிகளுக்குக் காரணம் தேடினார். நிறத்தைத் தரும் மரபணுவின் நடுவே ஒரு துண்டு வந்து குந்தியிருப்பதால் மணி வெளிறிப்போகிறது. மணி வளரும் போது ஏதோவொரு கலத்தில் அந்தத் துண்டு வெளியேறினால், அக்கலமும் அதன் வழிவந்த கலங்களும் ஊதா நிறம் பெறுகின்றன. அது நேரத்தோடு வெளியேறினால் பெரிய திட்டு, பிந்தி வெளியேறினால் சிறு புள்ளி என்று அவர் விளக்கினார். 1950இல் இதை விரிவாக வெளியிட்டபோது துறையினர் பலர் அதை எங்கே வைப்பதென்று அறியாது விட்டுவிட்டனர். நோபல் பரிசு 1983இல், அவருடைய 81ஆவது வயதில்தான் வந்தது. பிள்ளைகளுக்குப் பல்வண்ணச் சோளன் பொத்தியின் படமொன்றைக் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினீர்களானால், அரைவாசி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மனிதரிடம் இன்று தாவுபவை வேறு வகை. சோளனிற் கண்ட துண்டு தன்னை வெட்டியெடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்வது. நம்மிடம் உள்ளது தான் இருந்த இடத்தில் இருந்துகொண்டே தன் பிரதியொன்றை வேறிடத்தில் ஒட்டுவது. இதில் முதன்மையானது லைன்-1 எனப்படும் துண்டு. டி.என்.ஏ. இழையில் வரிசையாக நிற்கும் அலகுகளை எழுத்துகள் என்று கொண்டால், முழுமையான லைன்-1 ஏறத்தாழ 6,000 எழுத்து நீளமானது. நமது மரபணுத் தொகுதியில் அதற்கு ஏறக்குறைய 5 இலட்சம் பிரதிகள் உள்ளன, மொத்த டி.என்.ஏ.யில் அது 17 சதவீதம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முன்பாதி வெட்டுண்டு, எழுத்துப் பிழைகள் ஏறி, செயலிழந்துபோனவை. ஒருவரின் உடலில் இன்றும் தாவும் ஆற்றலுடன் இருப்பவை 80 முதல் 100 வரையே.

அது தாவும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதலில் லைன்-1இலிருந்து ஓர் ஆர்.என்.ஏ. பிரதி, அதாவது டி.என்.ஏ.யிலுள்ள செய்தியின் நகல், எடுக்கப்பட்டுக் கலத்தின் கருவுக்கு (நியூக்ளியசுக்கு) வெளியே வருகிறது. அங்கே அந்த ஆர்.என்.ஏ.யிலிருந்தே இரண்டு புரதங்கள் உருவாகி, தம்மை ஆக்கிய ஆர்.என்.ஏ.யையே பற்றிக்கொள்கின்றன. மூன்றும் சேர்ந்து கருவுக்குள் திரும்புகின்றன. இரண்டாவது புரதத்துக்கு இரண்டு தொழில்கள்: டி.என்.ஏ.யின் ஓர் இழையில் வெட்டுப் போடுவதும், வெட்டிய முனையைப் பிடித்துக்கொண்டு ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.யை எழுதுவதும். எச்.ஐ.வி. வைரசு தன்னை நம் கலத்துக்குள் எழுதிக்கொள்ளவும் இதே வகையைச் சேர்ந்த நொதியத்தையே, அதாவது வேதிவினையை நடத்தும் புரதத்தையே, பயன்படுத்துகிறது. பின்னால் வரும் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

லைன்-1ஐ விட அலு எனப்படும் குட்டித் துண்டு எண்ணிக்கையில் அதிகம். 300 எழுத்து நீளம், 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள். அதற்குச் சொந்தமாக நொதியம் எதுவும் இல்லை. லைன்-1 ஆக்கிய நொதியத்தைக் கைமாற்றாக வாங்கித்தான் அது தாவுகிறது.

கேள்வி: சோளனில் இப்படியான மரபணுக்கள் உண்டென்றால், அதைச் சாப்பிடுகிற எங்களுக்குள்ளும் அவை வந்துவிடுமா? நாங்கள் மேட்டுக்காணியில் சோளன் போடுகிறவர்கள்.
— விவசாயி, செட்டிகுளம்

பதில்: வராது. சோளனின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 85 சதவீதம் தாவும் துண்டுகள்தான். நெல்லிலும் அவை நிறைய உண்டு. உண்ணும் எந்த உணவின் டி.என்.ஏ.யும் குடலில் செரித்துத் துண்டாடப்படுகிறது. நம்முடைய லைன்-1 நமது தாய் தந்தையர் வழியாக, மனிதர் மனிதராவதற்கும் முன்பிருந்து வந்தது. சோளனைத் தாராளமாகப் போடுங்கள், சாப்பிடுங்கள். நார்ச்சத்துள்ள முழுத்தானியம் குடலுக்கு நல்லதே.

கேள்வி: தாவும் மரபணுதான் பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? தங்கள் பதிலில் "விழித்துக்கொள்கின்றன" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். அது காரணமா, விளைவா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும்.
— ஓய்வுபெற்ற கிராம அலுவலர், மல்லாவி

பதில்: ஐயா கேட்டிருப்பது இத்துறையில் உள்ளவர்களே முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி. சில நோயாளரில் காரணம், பெரும்பாலானோரில் விளைவு என்பதே இன்றுள்ள சான்றுகளைப் பார்த்து நான் சொல்லக்கூடிய விடை. எப்படி இந்த விடைக்கு வந்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. இந்த ஓயாத கலப்பிரிவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மரபணுக்களுள் ஏ.பி.சி. என்பது தலையானது. அதன் இரண்டு பிரதிகளும் பழுதுபட்டால், சுவரில் பொலிப் எனப்படும் சிறு முளை தோன்றுகிறது. பின்னர் வேறு மரபணுக்களிலும் விகாரங்கள் சேர, சில முளைகள் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகின்றன. பரம்பரையாக வராத பெருங்குடல் புற்றுநோய்களிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் ஏ.பி.சி. பழுதாகியிருக்கக் காணலாம். இந்த மரபணு 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1992இல், ஜப்பானில் யோஷியோ மிக்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு நோயாளியின் கட்டியை ஆராய்ந்தபோது, ஏ.பி.சி.யின் கடைசிப் பகுதியில் அங்கே இருக்கக் கூடாத எழுத்துகளைக் கண்டனர். அவை லைன்-1இன் பின்பகுதியும் அதைத் தொடர்ந்து ஒரே எழுத்து நீளமாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாலும் ஆகும். தாவி விழுந்த துண்டு விட்டுச்செல்லும் அடையாளம் அதுவே. அதே நோயாளியின் நோயற்ற குடற்பகுதியில் அந்த எழுத்துகள் இல்லை. ஆகவே அது பெற்றோரிடமிருந்து வந்ததன்று. அவருடைய வாழ்நாளிலேயே, அவருடைய குடலிலேயே விழுந்தது. காணி உறுதியின் நடுப்பக்கத்தில் எவரோ வேறொரு பத்திரத்தின் கிழிசலை ஒட்டிவிட்டால் அந்த உறுதியை வைத்து எதுவும் செய்ய முடியாமற் போவதைப் போல, அந்த ஏ.பி.சி. பிரதியிலிருந்து ஒழுங்கான புரதம் உருவாக வழியில்லாமற் போனது.

அது ஒரேயொரு நோயாளி. தற்செயல் என்று ஒதுக்க இடமிருந்தது. பலர் ஒதுக்கவும் செய்தனர். 2016இல் அமெரிக்க ஆய்வாளர் இதே ஏ.பி.சி.யில் லைன்-1 விழுந்த இன்னொரு நோயாளியை எடுத்து, அந்தத் துண்டு எங்கிருந்து புறப்பட்டது என்றுகூடத் தேடிக் கண்டனர். அந்நோயாளியின் 17ஆவது நிறமூர்த்தத்தில் மிகவும் வீரியமுள்ள லைன்-1 ஒன்று இருந்தது. ஏனைய லைன்-1கள் பூட்டிவைக்கப்பட்டிருக்க, இது மட்டும் நோயற்ற குடற்கலங்களிலேயே பூட்டுக்குத் தப்பியிருந்தது. அதன் பிரதி ஒன்று ஏ.பி.சி.யின் ஒரு பிரதியில் விழுந்தது. மற்றப் பிரதியைச் சாதாரண எழுத்துப் பிழையொன்று கெடுத்திருந்தது. இரண்டும் சேர்ந்து நோயைத் தொடக்கிவைத்தன. இவ்வாறான வீரியமுள்ள லைன்-1கள் எல்லாரிடமும் ஒரே இடத்தில் இருப்பவையல்ல. மூதாதையர் வழியைப் பொறுத்து ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன என்பதையும் அவர்கள் காட்டினர். "காரணம்" என்று தயங்காமற் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் இதை எல்லா நோயாளருக்கும் பொதுவாக்க முடியாது. 2020இல் 38 வகைப் புற்றுநோய்களின் 2,954 மரபணுத் தொகுதிகளை ஒருங்கே ஆராய்ந்த பெரும் பன்னாட்டுக் குழு, மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட கட்டிகளில் தாவல்களைக் கண்டது. உணவுக்குழாயின் ஒருவகைப் புற்றுநோயும், தலை-கழுத்துப் புற்றுநோய்களும், பெருங்குடல் புற்றுநோயும் முன்வரிசையில் நின்றன. விழுந்த துண்டுகளிற் பெரும்பாலானவை எந்த முக்கிய மரபணுவையும் தொடாமல், வெறுங்காணியில் விழுந்தவை. அவை கட்டியின் வளர்ச்சிக்கு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. சில இடங்களில் மட்டும், விழும்போது அருகிலிருந்த நீண்ட நிறமூர்த்தப் பகுதியையே பெயர்த்தெறிந்து, கூடவே கட்டியைத் தடுக்கும் மரபணுக்களையும் கொண்டுபோயிருந்தன. கட்டியில் நூறு தாவல் இருந்தது என்று ஒரு செய்தியில் வாசித்தால், அந்த நூறுமே நோயை உண்டாக்கின என்று கொள்ள வேண்டாம்.

கேள்வி: எல்லாக் கலங்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் உள்ளது. அப்படியாயின் இரத்தக் கலத்தில் அடங்கிக் கிடக்கும் லைன்-1 குடற்கலத்தில் மட்டும் ஏன் எழும்புகிறது?
— பல்கலைக்கழக மாணவர், பம்பைமடு, வவுனியா

பதில்: லைன்-1ஐ அடக்கிவைக்கும் முதன்மையான பூட்டு, டி.என்.ஏ.யின் மேல் ஏற்றப்படும் மெதைல் கூட்டங்கள் எனப்படும் சிறு இரசாயன ஒட்டுகள். ஒரு துண்டின் தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டங்கள் நெருக்கமாக ஏறியிருந்தால் அங்கே ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கப்படமாட்டாது. புற்றுநோய்க் கலத்தில் இந்தப் பூட்டு பரவலாகக் கழன்றுவிடுகிறது என்பதை அன்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பேர்ட் வோகல்ஸ்டைனும் 1983இலேயே பெருங்குடல் கட்டிகளையும் கொண்டு காட்டினர். மரபணுத் தொகுதி எங்கணும் லைன்-1 பரந்து கிடப்பதால், அதில் எவ்வளவு மெதைல் எஞ்சியிருக்கிறது என்று அளப்பது முழுத் தொகுதியின் நிலையையும் அறியும் குறுக்குவழியாக ஆய்வுகூடங்களில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. மெதைல் மிகவும் குறைந்த கட்டியை உடையவர்கள் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தனர் என்று 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது.

உங்கள் கேள்வியின் நுட்பமான பகுதிக்குத் தென்கொரிய ஆய்வாளர் 2023இல் நல்ல விடையொன்றைத் தந்தனர். 28 பேரிடமிருந்து தனித்தனிக் கலங்களை எடுத்து வளர்த்து, 899 கலவழிகளின் மரபணுத் தொகுதிகளை முழுமையாக வாசித்து, 1,708 தாவல்களைக் கண்டனர். மூன்று வகைக் கலங்களை ஒப்பிட்டபோது, தாவல்கள் பெருங்குடலின் உட்சுவரில் குவிந்திருந்தன. வயது ஏற ஏற அவற்றின் எண்ணிக்கையும் ஏறியது. இவை புற்றுநோய்க் கலங்களல்ல, ஒழுங்காக வேலைசெய்த கலங்கள் என்பதைக் கவனியுங்கள். எந்த லைன்-1 பூட்டப்படும், எது திறந்திருக்கும் என்பது பெரும்பாலும் கருவில் உறுப்புகள் உருவாகும் தொடக்க காலத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்றும் அவர்கள் கண்டனர். ஆகவே லைன்-1 குடலில் திடீரென்று எழும்புவதில்லை; சிலரின் குடற்கலங்களில் அது தொடக்கத்திலிருந்தே பூட்டப்படாமல் இருந்துவருகிறது. கட்டி உருவாகும்போது தாவும் வேகம் பன்மடங்கு கூடுகிறது என்பது அதற்கு மேலதிகமான செய்தி. பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களாயின், மெதைல் அளவைக் கணினியில் பகுத்தாராயும் வேலையை வவுனியாவிலிருந்தே தொடங்கலாம். பல ஆய்வுகளின் தரவுகள் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன.

கேள்வி: மெதைல் ஏறுவதற்கு உணவு உதவுமா? கீரை சாப்பிட்டால் தாவும் மரபணு அடங்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.
— இல்லத்தரசி, பூநகரி

பதில்: அதில் உண்மை கொஞ்சமும் மிகைப்படுத்தல் நிறையவும் இருக்கிறது. மெதைல் கூட்டங்களை ஆக்குவதற்கு ஃபோலேட் என்னும் விற்றமின் தேவை. ஃபோலேட் குறைவாக உண்பவர்களிலும் மதுபானம் அதிகம் அருந்துபவர்களிலும், லைன்-1இல் மெதைல் குறைந்த வகைப் பெருங்குடல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. நமது பயறு, உழுந்து, கௌப்பி, கீரை வகைகள் யாவற்றிலும் ஃபோலேட் உண்டு. அவற்றைச் சமைத்துச் சாப்பிட எந்தக் காணொளியும் தேவையில்லை. ஆனால் ஃபோலிக் அமிலக் குளிசையைப் போட்டால் முளைகள் திரும்ப வராமல் தடுக்கலாமா என்று அமெரிக்காவில் பரிசோதித்து 2007இல் வெளியிட்டபோது, பயன் கிடைக்கவில்லை. ஆகவே கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் கொடுக்கப்படும் அக்குளிசையைப் புற்றுநோய்க்கென்று மற்றவர்கள் வாங்கிப் போட வேண்டியதில்லை. வீட்டில் எவருக்காவது சாராயமோ கள்ளோ பழக்கமாயிருந்தால், கீரையைக் கூட்டுவதைவிட அதைக் குறைப்பதே குடலுக்குச் செய்யும் பெரிய உதவி. கள்ளு பனையிலிருந்து வருவதனால் அதிலுள்ள மதுசாரம் வேறாகிவிடாது.

கேள்வி: என் அப்பா பெருங்குடல் புற்றுநோயால் 46 வயதில் இறந்தார். பெரியப்பாவுக்கும் அதே நோய். அப்பாவின் சகோதரியான மாமிக்குக் கருப்பையில் புற்றுநோய் வந்து அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு இப்போது 29. இந்தத் தாவும் மரபணு எங்கள் குடும்பத்தில் இருக்கிறதா? அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எதுவும் எங்களிடம் இல்லை.
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கையின் கடிதத்தில் என் கண்ணை முதலில் நிறுத்தியது மாமியின் கருப்பை. ஒரே வழியில் இளவயதில் பெருங்குடல் புற்றுநோயும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் சேர்ந்து வந்தால், லின்ச் நோய்த்தொகுப்பு எனப்படும் பரம்பரை நிலையை மருத்துவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். டி.என்.ஏ.யைப் பிரதிபண்ணும்போது ஏற்படும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் நான்கு மரபணுக்களுள் ஒன்று பிறவியிலேயே பழுதாயிருப்பது இதன் காரணம். பெருங்குடல் புற்றுநோயாளர் நூறு பேரில் ஏறத்தாழ மூவருக்கு இந்நிலை உண்டு.

தாவும் துண்டுகளுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் வகையில் அன்று. அந்நான்கனுள் எம்.எஸ்.எச்.2 என்னும் மரபணுவுக்குள் அலுத் துண்டுகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. அவை இன்று தாவுபவை அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்து கிடப்பவை. ஆனால் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், நிறமூர்த்தங்கள் சோடி சேரும்போது ஓர் அலு தன் இணையை விட்டுப் பக்கத்திலுள்ள இன்னோர் அலுவுடன் பிழையாகச் சேர்ந்துவிட, இடைப்பட்ட பகுதி முழுவதும் காணாமற் போய்விடுகிறது. அவ்வாறு பெரும்பகுதி இழந்த மரபணு பிள்ளைகளுக்கும் போகிறது. எழுத்து எழுத்தாகப் பார்க்கும் பழைய சோதனைகளில் இவ்வகைப் பெரும் இழப்புகள் தவறிப்போவதுண்டு. ஆதலால், சோதனை செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் "பெரிய இழப்புகளையும் பார்ப்பார்களா" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதங்கள் இல்லையே என்று மலைக்க வேண்டாம். இடம்பெயர்வுகளில் நோய்க்குறிப்புகளைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். மருத்துவர்களுக்கும் அது தெரியும். வீட்டிலுள்ள மூத்தவர்களுடன் அமர்ந்து, யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில், எந்த ஆஸ்பத்திரியில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வயது சரியாக நினைவில்லாவிட்டால் "மூத்த பிள்ளை ஓ.எல். எடுத்த ஆண்டு" என்பது போல் எழுதினாலும் பயன்படும். மாமிக்குச் சத்திரசிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் நோயியல் பிரிவில், எடுத்த இழையத்தின் மெழுகுக் கட்டி இன்னமும் இருக்கக்கூடும்; அதில் திருத்தப் புரதங்கள் உள்ளனவா இல்லையா என்று சாயமிட்டுப் பார்க்க முடியும். இந்தத் தாளையும் கொண்டு மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கோ, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கோ செல்லுங்கள். லின்ச் நிலை உள்ளவர்கள் பலருக்கு 20 முதல் 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கமரா மூலம் குடலைப் பார்த்து, முளைகளை அப்போதப்போதே அகற்றிவிடுவது பல நாடுகளிலுள்ள நடைமுறை. 29 வயது, கேட்பதற்கு முந்திய வயதன்று. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அப்பாவுக்கு இந்நிலை இருந்திருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க அரைக்கு அரை வாய்ப்பு உண்டு, வராதிருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு.

கேள்வி: கனடாவிலுள்ள என் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். எயிட்ஸ் நோய்க்குக் கொடுக்கும் மலிவான குளிசை ஒன்று பெருங்குடல் புற்றுநோயை மாற்றிவிடுகிறதாம். அண்ணாவுக்கு ஈரல் வரை பரவியிருக்கிறது. அந்தக் குளிசையை எடுப்பிக்கலாமா?
— மாங்குளம்

பதில்: உங்கள் மச்சான் அனுப்பியது முழுப்பொய் அன்று. லமிவுடின் என்னும் அந்த மருந்து, எச்.ஐ.வி.யின் எழுதும் நொதியத்தை முடக்குவது. ஈரல் அழற்சி-பி நோய்க்கும் கொடுக்கப்படுவது. லைன்-1இன் நொதியமும் அதே வகை என்று மேலே எழுதியிருந்தேன். ஆகவே அதையும் முடக்கிப் பார்க்கலாமே என்று அமெரிக்க மருத்துவர்கள் பரவிய நிலையிலிருந்த 32 பெருங்குடல் புற்றுநோயாளருக்கு இதைத் தனி மருந்தாகக் கொடுத்து 2022இல் முடிவை வெளியிட்டனர். 9 பேரில் நோய் சிறிது காலம் வளராமல் நின்றது, அல்லது ஓரிடத்தில் குறைந்து இன்னோரிடத்தில் கூடியது. கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர் என்று ஒருவரும் இல்லை. வேறு சிகிச்சைகள் கைவிட்ட நிலையில் இருந்தவர்களில், ஒரு பழைய குளிசை இந்த அளவுக்கேனும் ஏதோ செய்தது ஆய்வாளருக்கு உற்சாகம் தருவது நியாயமே. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்கப்படாத குழு அதில் இருக்கவில்லை. எனவே நோய் நின்றது மருந்தாலா, அந்நோயின் இயல்பாலா என்று அதைக்கொண்டு தீர்க்க முடியாது.

இதற்கு நேர்மாறான வழியிலும் சிலர் போகிறார்கள் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 2015இல் கனடாவின் டொரொன்டோவில் ஒரு குழுவினர், மெதைல் பூட்டைக் கழற்றும் மருந்தைச் சிறிய அளவில் பெருங்குடல் புற்றுநோய்க் கலங்களுக்குக் கொடுத்தனர். மூதாதையரைத் தொற்றிய வைரசுகளிலிருந்து வந்து நம் டி.என்.ஏ.யில் அடங்கிக் கிடந்த பழைய துண்டுகள் எழும்பி இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை ஆக்க, கலமோ தன்னை வைரசு தொற்றிவிட்டதென்று எண்ணி நிர்ப்பீடன எச்சரிக்கையை எழுப்பியது. ஒரு பக்கம் தாவும் துண்டை அடக்கியும் மறுபக்கம் அதை எழுப்பியும் புற்றுநோயைத் தாக்க முயலும் துறையில், எது எந்த நோயாளிக்கு உதவும் என்பது தீர்மானமாகும் முன்பு வீட்டில் நாமே குளிசையைத் தொடங்குவது ஆபத்து.

அண்ணாவுக்கு ஈரல் அழற்சி-பி இருக்கிறதா என்று கீமோ தொடங்குமுன் பார்ப்பார்கள். அது இருந்தால் அதற்கென்றே இவ்வகை மருந்தை மருத்துவர் கொடுக்கவும் கூடும். அது வேறு கதை. ஈரலில் பரவியது ஓரிரண்டு இடங்களில் மட்டுமாயின் அதை வெட்டியெடுத்துச் சிலர் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள். ஆகவே மச்சானின் செய்தியைவிட, "ஈரலில் உள்ளதை அகற்றலாமா, சத்திரசிகிச்சை நிபுணரின் கருத்தைக் கேட்டீர்களா" என்ற கேள்வியை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: இரத்தத்தில் லைன்-1ஐப் பார்த்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா? எனக்கு 57 வயது. சில மாதங்களாக மலத்தோடு இரத்தம் போகிறது. மூலவியாதி என்று நாட்டுமருந்து எடுக்கிறேன். கமரா விடுவதற்குப் பயமாயிருக்கிறது.
— நெடுங்கேணி

பதில்: லைன்-1 ஆக்கும் முதலாவது புரதம் நோயற்ற இழையங்களில் மிக அரிதாகவும், பெருங்குடல் கட்டிகள் பலவற்றில் மிகுதியாகவும் காணப்படுகிறது. அது நுண்ணிய அளவில் இரத்தத்துக்குள்ளும் கசிகிறது. அதைப் பிடிக்கக்கூடிய மிக நுட்பமான சோதனை ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் 2023இல் வெளியிட்டனர். அது ஆய்வுகூடத்தில் உள்ளது; கிளினிக்குக்கு வரவில்லை. வந்தாலும் உங்களுக்கு அது வேண்டியதில்லை. இரத்தத்தில் தேடும் சோதனைகள் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானவை. உங்களிடம் அறிகுறி இருக்கிறது.

மலத்தோடு இரத்தம் போவதற்கு மூலம்தான் மிகப் பொதுவான காரணம் என்பது மெய். ஆனால் ஒருவருக்கு மூலமும் கட்டியும் ஒருங்கே இருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க எவராலும் முடியாது. மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறதா, மலம் மெலிந்து போகிறதா, காரணமின்றி நிறை குறைகிறதா, நெல்லு மூடை தூக்கும்போது முன்பில்லாத களைப்பும் மூச்சுவாங்கலும் இருக்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள்; சிறிது சிறிதாக இரத்தம் இழப்பதால் வரும் இரத்தச்சோகை களைப்பாகவே வெளிப்படும். இவற்றுள் எதுவுமில்லாவிட்டாலும் உங்கள் வயதில் காரணத்தைக் கண்டறிந்தே ஆகவேண்டும்.

கமராவைப் பற்றிய பயத்துக்கு: முதல்நாள் இலகுவான உணவும், பின்னர் குடலைக் கழுவும் மருந்துநீரும் கொடுப்பார்கள். அந்த மருந்துநீரைக் குடித்து முடிப்பதுதான் பலருக்கும் உள்ள மெய்யான சிரமம். பரிசோதனையின்போது பெரும்பாலும் மயக்கமூட்டும் ஊசி போடப்படும். அரைமணித்தியாலம் அல்லது சற்றுக் கூடுதலாகச் செல்லலாம். முளை இருந்தால் அதே நேரத்தில் கம்பிக் கண்ணியால் வெட்டியெடுத்து பயொப்சிக்கு அனுப்புவார்கள். ஊசி போட்டபின் தனியே மோட்டார் சைக்கிளில் திரும்ப முடியாது. கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தை ஐதாக்கும் குளிசையோ நீரிழிவு மருந்தோ எடுப்பவரானால் திகதி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நாட்டுமருந்தையும் மறைக்காமற் சொல்லுங்கள். அதற்காக எவரும் கோபிக்கமாட்டார்கள். கிளினிக் கொப்பியில் "மலத்தோடு இரத்தம், 57 வயது, சில மாதங்கள்" என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "மூலம்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் கமராவுக்கான திகதி பின்தள்ளப்படக்கூடும். கொப்பியைத் திரும்பக் கொடுத்து, இரத்தம் போவதையும் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.